ஒரு சாண் இடைவெளி

எனக்கு அறிவரசியைப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது, எங்கள் தெருவில் பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். அப்படிப்பட்டவள்தான், தன் அப்பா வழக்கின் மறுவிசாரணையில் தூணைக் கேட்டுச் சொல்ல என்னைத்தான் அனுப்ப வேண்டும் என்று நிலநடுக்க ஆணையத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாள்.

உத்தரவு கைக்கு வந்ததும் அவளுக்குப் போன் போட்டேன்.

"ஊர்ல தூண் கேக்கறவங்க மூணு பேர் இருக்கோம். மத்த ரெண்டு பேருக்கும் காது அடைச்சுப் போச்சா?"

"அவங்களுக்கு எங்கப்பா மேல கோபம் இல்ல. அதான் வேணாம்னு சொல்லிட்டேன்."

"புரியல."

"எங்கப்பாவுக்கு வேண்டியவங்க வந்து கேட்டுட்டு, அவர் மேல தப்பில்லன்னு சொன்னா ஊர் நம்புமா? அவரப் பிடிக்காதவங்க சொன்னாத்தான் நம்பும். உங்களவிட அவர வெறுக்கறவங்க இந்த ஊர்ல யாருங்க இருக்கா?"

போனை வைத்தேன். இறந்தவர்களின் சொந்தக்காரன் தூணைக் கேட்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. குற்றவாளித் தரப்பே எழுதிக் கேட்டுக்கொண்டால் மட்டும் அந்தத் தடை விலகும். பூகம்பத்துக்குப் பிந்தைய இருபத்தேழு வருடத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் இவள்தான்.

நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்ற இருவரில் ஒருவர் அந்தத் தூணைக் கேட்பார். அது நடக்கக் கூடாது என்று நினைத்தேன். அதனால் ஒப்புக்கொண்டேன்.

2039 தை மாதம், காலை ஏழு ஐம்பத்திரண்டு. வங்கக்கடலுக்கு அடியில் ஏதோ நழுவியது. மொத்தம் நாற்பத்தொரு நொடி. சென்னைக்குப் பூகம்பமா என்று அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்த ஊர் இது. கார் நிறுத்துவதற்காகக் கீழே வெறும் தூண்களை விட்டு மேலே நான்கு மாடி ஏற்றிய கட்டடங்கள் முட்டி மடங்கி உட்கார்ந்தன. ஏரியைத் தூர்த்துக் கட்டியவை சாய்ந்தன. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகள் கூரையைப் பிளந்துகொண்டு படுக்கையறைகளுக்குள் இறங்கின. பெரம்பூரில் எங்கள் அம்மையப்பன் தெருவில் மட்டும் ஒன்பது கட்டடங்கள் போயின.

அவற்றில் ஒன்று உழைப்பகம். ஐந்து மாடி, ஐம்பத்தெட்டு உயிர். என் அக்கா வர்ஷினியும் அவள் மகள் தியாவும் அந்த ஐம்பத்தெட்டில் இருந்தார்கள். தியாவுக்கு மூன்றரை வயது.

அதைக் கட்டியவர்தான் அறிவரசியின் அப்பா இளஞ்சேரன். கடல் மணலைக் கலந்து கட்டினார் என்று சொல்லி உள்ளே தள்ளினார்கள். ஆறு வருடம் சிறையில் இருந்து அங்கேயே இறந்தார். பிணத்தை வாங்க மகள் ஒருத்திதான் போனாள் என்று கேள்விப்பட்டேன். அப்போது எனக்கு அது திருப்தியாகத்தான் இருந்தது.

உழைப்பகத்துக்கு ஒட்டினாற்போல் மேற்கே நின்ற எங்கள் கட்டடம் சுபிட்சம். அது விழவில்லை. சுவரில் நாலைந்து கீறல், அவ்வளவுதான். பக்கத்துக் கட்டடம் தரைமட்டம், இது மட்டும் எப்படி நின்றது? ஊர் ஒரே நாளில் விடை கண்டுபிடித்துவிட்டது. சுபிட்சத்துக்கு ஈசானிய மூலை வளர்ந்திருந்தது. வடகிழக்கில் ஆறடி நீட்டிக் கட்டியிருந்தோம், வாஸ்துக்காரர் சொல்லி. இளஞ்சேரனோ, "நான் மூலை பாக்க மாட்டேன், சிமெண்ட் பாப்பேன்" என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தவர். அப்புறம் கேட்க வேண்டுமா?

பிறகு எழுந்த சென்னையில் ஈசானியம் வளர்க்காத கட்டடமே கிடையாது. புதுவீடு கட்டுகிறவர்கள் வரைபடத்தை எடுத்துவந்து எங்கள் மூலைச் சுவரில் ஒற்றி, கற்பூரம் காட்டிவிட்டுப் போகிறார்கள். சுவரில் அந்த இடம் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துக் கிடக்கிறது. எங்கள் மேற்குப் பக்கத்தில் போன வருடம் எழும்பிய கட்டடமும் தன் மூலையை எங்களை நோக்கித்தான் வளர்த்திருக்கிறது. என் படுக்கையறைச் சுவருக்கும் அதற்கும் நடுவில் என் முழங்கை நுழையாது.

*

உழைப்பகம் இருந்த மனை இன்னும் வெற்றிடம்தான். நடுவில் பக்கங்கள் திறந்த தகரக் கொட்டகை, அதற்குள் நீதிமன்ற முத்திரையோடு மூன்றாம் மாடியின் மேற்கு ஓரத் தூண் படுத்திருந்தது. ஐந்தடி நீளத் துண்டு. கம்பிகள் இரு முனையிலும் துருத்திக்கொண்டிருந்தன.

காலை பத்து மணிக்கு நான் பெட்டியோடு போனபோது ஆணையத்து அதிகாரி ஷாஹிதா பானு முத்திரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அறிவரசி கொட்டகைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சுபிட்சத்தின் பால்கனிகளில் மாடிக்கு மாடி ஆட்கள் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கொட்டகைக்குள் நுழைவதற்கும், இரண்டாம் மாடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து விழுவதற்கும் சரியாக இருந்தது. வீடு துடைத்த அழுக்குத் தண்ணீர்.

அவள் புடவை ஓரத்தைப் பிழிந்துவிட்டு, நாற்காலியை இன்னும் நாலடி முன்னால், எல்லாருக்கும் நன்றாகத் தெரிகிற இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். திமிர் பிடித்தவள்.

"சார், தப்பா நினைக்காதீங்க, நான் இந்தப் பிரிவுக்குப் புதுசு," என்றார் ஷாஹிதா. "இது நிஜமாவே கேக்குமா?"

"கான்கிரீட் உடையும்போது உள்ள இருக்கற பொடிப்பொடிப் படிகமெல்லாம் நகரும். அந்த நேரத்துல சுத்தி என்ன அதிர்வு இருந்துச்சோ, அந்த வரிசையிலயே நகரும். அதுல சத்தமும் உண்டு, பேச்சும் உண்டு. உடையற அந்தச் சில நொடி மட்டும்தான் பதியும். முன்னயும் கிடையாது, பின்னயும் கிடையாது. நான் இந்தப் பெட்டியால அத மறுபடி தட்டுவேன். ஹெட்போன்ல வரும்."

"அப்போ பதிவு பண்ணி கோர்ட்ல போட்டுக் காட்டிடலாமே?"

"யார் குரல வேணும்னாலும் அஞ்சு நிமிஷத்துல செஞ்சுடலாம்னு ஆனப்புறம் கோர்ட் எந்தப் பதிவையும் ஏத்துக்கறதில்ல மேடம். கேட்டவன் சத்தியம் பண்ணிச் சொல்லணும். அந்த வாய்ச்சொல்தான் சாட்சி."

"சந்தேகம் வந்தா திரும்பக் கேப்பீங்களா?"

"முடியாது. தட்டினதும் படிகம் கலைஞ்சுடும். ஒரு தூண், ஒரு தடவ."

அறிவரசி திரும்பிப் பார்த்தாள். "அதாவது மேடம், எங்கப்பாவோட மானம் முழுக்க இவரோட காதுலயும் வாயிலயும் இருக்கு. காது மேல எனக்குச் சந்தேகம் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. அந்த நேரத்தில் ஜெகதீசன் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். சுபிட்சத்தின் செக்ரட்டரி. எண்பது வயது, இன்னும் மீட்டிங்குக்கு மீட்டிங் அவர்தான் செக்ரட்டரி. என்னைத் தோளில் கைபோட்டு மதில் ஓரம் கூட்டிக்கொண்டு போனார்.

"ஹேமந்த், அன்னைக்கு விசாரணைல என்ன சொன்ன?"

"தானா உக்காந்துச்சுன்னு சொன்னேன்."

"கண்ணால பாத்தேன்னு சொன்ன. அதயே சொல்லு, போதும்." குரலைத் தாழ்த்தினார். "அந்த மூலைக்குப் படம் போட்டது யாருன்னு நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் வாயத் திறந்ததில்ல. தெரியுமில்ல?"

தெரியும். படம் போட்டது நான்.

*

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. சிவில் முடித்து இரண்டு வருடம். மாநகராட்சி அனுமதித்த படத்தில் இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஆறடிக்கு மேல் இடம் இருந்தது. வாஸ்துக்காரர் வந்து மூலை வெட்டுப்பட்டிருக்கிறது, வளர்த்தால்தான் வம்சம் விளங்கும் என்றார். எங்கள் பக்கத்தில் மூன்றடிதான் மிச்சம். மீதி மூன்றடியை உழைப்பகத்தின் எல்லைக்கு மேலே, அந்தரத்தில் நீட்டினேன். அங்கே குடியிருந்தவர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கித் தந்தது அக்கா. "என் தம்பி வீடு தானே, பக்கத்துல வந்தா நல்லதுதானே" என்று வீடு வீடாக ஏறி வாங்கினாள்.

கட்டி முடித்தபோது இடைவெளி ஒரு சாண். ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே வந்ததால், பிறகு கட்டிய நாங்கள் அடித்தளத்தை உயர்த்தியிருந்தோம். அதனால் எங்கள் தளமும் அவர்கள் தளமும் ஒரே மட்டத்தில் இல்லை. என் மூலை அறை ஜன்னல், அக்காவின் சமையலறைப் பால்கனிக்கு மூன்றடி மேலே இருந்தது. ஜன்னல் கம்பியை அறுத்து ஒரு சின்னக் கதவு வைத்தேன். காலையில் அக்கா அண்ணாந்து பார்த்து, "ஹேமு, சட்னி" என்று கிண்ணத்தை நீட்டுவாள். தியா அந்த வழியாகவே என் வீட்டுக்கு வருவாள், தூக்கிவிட்டால் நான் பிடித்து இழுத்துக்கொள்வேன். வாசல் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

கட்டுமானம் நடக்கும்போதே இளஞ்சேரன் ஒருநாள் எங்கள் தளத்தில் வந்து நின்று கத்தினார். "தம்பி, நீ படிச்சவன்தானே? உன் தளம் என் தூணோட இடுப்புக்கு நேரா வந்து நிக்குது. நாளைக்கு நிலம் ஆடுச்சுன்னா உன் கட்டடம் ஒரு பக்கம் ஆடும், என் கட்டடம் ஒரு பக்கம் ஆடும். உன் தளம் சம்மட்டி மாதிரி வந்து அடிக்கும். என் இடுப்பு ஒடிஞ்சிடும்யா!"

நான் சிரித்தேன். "ஆடுனா பாத்துக்கலாம் சார். உங்களுக்குத்தான் சாமி பூதம் எதுலயும் பயம் கிடையாதே."

வேலைக்காரர்களும் சிரித்தார்கள். அவர் இறங்கிப் போனார்.

ஆடியபோது நான் அந்த ஜன்னலில்தான் இருந்தேன். சட்னிக் கிண்ணத்தை வாங்கக் கையை நீட்டியிருந்தேன். கிண்ணம் விழுந்தது. அக்கா தியாவைத் தூக்கி நீட்டினாள். இடைவெளி மூன்றடியாகத் திறந்தது, படீரென்று மூடியது, மறுபடி திறந்தது. குழந்தையின் விரல் என் விரலில் ஒருமுறை பட்டது. சுவர் மறுபடி வருவதைப் பார்த்தேன். கையை இழுத்துக்கொண்டேன்.

அக்காவின் வாய் அசைந்தது. சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அடுத்த அடியில் தூண் நடுவில் ஒடிந்தது, பால்கனி கீழே போனது.

அவள் என்னைச் சபித்தாள் என்றுதான் இருபத்தேழு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். வேறென்ன சொல்லியிருப்பாள்? சுவர்கள் மோதியதைச் சொன்னால் நான் ஜன்னலில் நின்றதைச் சொல்ல வேண்டும். ஜன்னலைச் சொன்னால் கையைச் சொல்ல வேண்டும். அதனால் விசாரணையில், தானாக உட்கார்ந்தது என்றேன். இளஞ்சேரன் கூண்டிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் தினமும் நான் ஜன்னலில் நிற்பேன் என்பது அவருக்குத் தெரியும். அவர் அந்த மூலையைப் பற்றிச் சொன்னார், யாரும் நம்பவில்லை. அவர் சொல்வது உண்மை என்று தெரிந்ததால்தான் எனக்கு அவர்மேல் அத்தனை வெறுப்பு. மகளைப் பார்க்கும்போது அதே கண். அதனால் அவளையும் வெறுத்தேன்.

தூண் கேட்கிற தொழில் வந்தபோது முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்ததும் இதற்குத்தான். சொந்தக்காரர்களுக்குத் தடை போட்டது அப்புறம்தான். அந்தத் தூணுக்குள் அக்காவின் கடைசி வார்த்தை கிடக்கிறது. வேறு எவன் காதிலும் அது விழக் கூடாது.

*

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஷாஹிதா எதிரே நின்று சத்தியப் பிரமாணத்தைப் படிக்க, திருப்பிச் சொன்னேன். என்ன சொல்லப் போகிறேன் என்பதையும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கீழ்த்தளத்திலிருந்து சரிந்தது, பேச்சு எதுவும் தெளிவாக இல்லை. இரண்டே வரி.

பொத்தானை அழுத்தினேன்.

முதலில் மண் உறுமுகிற சத்தம். அது எல்லாத் தூணிலும் உண்டு. அப்புறம் பக்கவாட்டிலிருந்து ஓர் அடி, இடுப்பு உயரத்தில். கான்கிரீட் கிழிகிறது. கொஞ்சம் அமைதி, மறுபடி அதே இடத்தில் அடி. இளஞ்சேரன் சொன்ன சம்மட்டி. நடுவில் கேட்ட கலவையின் ஒலி கணீரென்று இருந்தது. கடல் மணல் போட்டால் பொதபொதவென்று கேட்கும். இது அப்பழுக்கில்லாத வேலை.

மூன்றாவது அடிக்கு முன்னால் குரல் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்துகிற குரல்.

"ஹேமு, கைய எடு! உன் வீடு வந்து மோதுதுடா! கை நசுங்கிடும், உள்ள எடு!"

அடி. அதோடு முடிந்தது. காதில் வெறும் இரைச்சல்.

சாகப் போகிற நேரத்தில், கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, என் கையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாள். பாவி. எனக்கு மூக்கு ஒழுகியது, துடைக்கவும் தோன்றவில்லை.

"சார், என்ன கேட்டுச்சு?" என்றார் ஷாஹிதா, பேனாவைத் திறந்துகொண்டு.

மதில் ஓரத்திலிருந்து ஜெகதீசன் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். அறிவரசி நாற்காலியை விட்டு எழவில்லை. மடியில் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

தூணில் இனி ஒன்றும் இல்லை. அந்த வார்த்தைகள் இப்போது என்னிடம் மட்டும்தான் இருந்தன. நான் சொல்லாவிட்டால், என்னோடு அவையும் போய்விடும். அக்கா என்னைச் சபிக்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால், என் வீடுதான் அவளைக் கொன்றது என்றும் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வழியில்லை.

"சார்?"

"மூணு தடவ அடி," என்றேன். "மேக்குப் பக்கத்துலேருந்து. தூணோட நடுவுல. கலவைல குறை இல்ல. கடல் மணல் இல்ல. கட்டடம் தானா விழல. பக்கத்துக் கட்டடம் மோதி விழுந்துச்சு. சுபிட்சம். அந்த மூலை. அனுமதி இல்லாம அதுக்குப் படம் போட்டது நான். ஒரு பெண் குரல் கேட்டுச்சு. என் அக்கா குரல்." அதற்கப்புறம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். குரல் எழும்பவில்லை.

"டேய்!" ஜெகதீசன் பாய்ந்து வந்தார். "என்னடா உளர்ற? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? ஊர்ல இருக்கற மூலையெல்லாம் இடிக்கச் சொல்லுவானுங்கடா! நீ எங்கடா குடியிருப்ப?"

"தெரியல சார்."

மேலே என்ன என்ன என்று பால்கனிக்குப் பால்கனி கேட்டுக்கொண்டார்கள்.

அறிவரசி எழுந்து வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வாளித் தண்ணீர் விழுந்தபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள். "சத்தமா. மேல இருக்கறவங்களுக்குக் கேக்கல."

சுபிட்சத்தைப் பார்த்துத் திரும்பினேன். கற்பூரக் கரி படிந்த மூலை, அதற்கு மேலே என் ஜன்னல், நான் அறுத்து வைத்த சின்னக் கதவு. அந்த ஜன்னலைப் பார்த்து அக்காவின் வார்த்தைகளை அவள் கத்தியதுபோலவே கத்தினேன். யாரோ ஒரு குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

ஷாஹிதா எழுதி முடித்துக் காகிதத்தைத் தூண்மேலேயே வைத்தார். பேனாவை அறிவரசி வாங்கி என் முன்னால் நீட்டினாள்.

"உங்க அக்கா உங்கள மன்னிச்சிட்டாங்க," என்றாள். "நான் மன்னிக்கல. எங்கப்பா ஆறு வருஷம் உள்ள இருந்தார். அவரப் பாக்கப் போனப்பல்லாம் ஒண்ணுதான் சொன்னார். 'அந்தப் பையன் ஜன்னல்லதான் நின்னான், அவனுக்குத் தெரியும், ஒருநாள் சொல்லுவான்.' சாகற அன்னைக்கும் இதயேதான் சொன்னார். போடுங்க."

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை. பேனாவுக்காகக் கையை நீட்டினேன். இந்தத் தடவை இழுத்துக்கொள்ளவில்லை.